கிணற்றுச் சாடியும் வாசல் சரிவும்

பிரிட்டிஷ் அரசிடமிருந்து தப்பி வந்த விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் குடியிருந்த வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்தபோது, வாளியோடு ஒரு சாடியும் மேலே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்களும் காளி படம் அச்சிட்ட தாள்களும் இருந்தன. ஐயரை மாட்டிவிடுவதற்காகப் பிரிட்டிஷ் ஒற்றர்களின் ஆட்கள் போட்டுவிட்டுப் போன சரக்கு அது. ஐயரும் பாரதியும் அரவிந்தரிடம் ஓடினார்கள். உடனே பிரெஞ்சுப் போலீசுக்குச் சொல்லி, வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்பதே அவர் சொன்ன யோசனை. அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகு மயூரேசன் என்பவர் அரவிந்தர், பாரதி முதலியோர் மீது பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். விசாரணை நீதிபதி நாந்தோ சோதனைக்கு வந்தார். அரவிந்தர் வீட்டில் அவர் கண்ணில் பட்டவை கிரேக்க, லத்தீன் புத்தகங்கள்தான். மரியாதையோடு திரும்பிப் போனார். புகார் பொய்யென்று ஆனதும் மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார். அரவிந்தரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஏ.பி. புராணி இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் சின்னச் சின்ன விதிகளை மீறும்போது அதிகாரியிடம் சொல்லலாமா, பேசாமல் இருந்துவிடலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. புதுச்சேரியில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அதனால் இரண்டு காலங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று, 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த பிரெஞ்சுப் புதுச்சேரி. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழைக்கு அஞ்சி வாழும் இன்றைய புதுச்சேரி. முதல் காலத்தில் பேசாமல் இருந்த அண்டை வீட்டாருக்கு இந்த ஊர் என்றும் கடன்பட்டிருக்கிறது. இரண்டாவது காலத்தில் அதே மௌனம் முழங்கால் தண்ணீராகவும் நச்சுக் காற்றாகவும் வீட்டுக்குள் நுழைகிறது.

முதலில் பழைய தெரு. பாரதி 1908இல் இங்கே வந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கினார். ஐயரும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு ஒற்றர் கூட்டம் இன்னும் பெருகியது. யார் யார் வீட்டுக்கு எப்போது வருகிறார்கள், தபாலில் என்ன வருகிறது என்று தெருமுனையில் நின்று குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புக்குக் காசு கிடைத்தது. ஒரு வார்த்தை சொல்லிச் சம்பாதிக்க வேண்டுமென்று நினைத்திருந்தால் ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவில் பால்காரர் முதல் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் வரை எல்லோரும் சம்பாதித்திருக்கலாம்.

சொல்வதற்கு விஷயமும் இருந்தது. இவர்கள் ஒன்றும் விதிப்படி வாழ்ந்தவர்கள் அல்லர். வீட்டு வாடகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதியின் வீட்டுச் சொந்தக்காரரை ஊரார் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைத்தார்கள். வாடகை கேட்க வருவார், பாரதி பாடிக்கொண்டிருப்பார், கேட்டுவிட்டு, வந்த காரியத்தைப் பற்றி வாய் திறக்காமல் திரும்பிப் போய்விடுவார் என்று பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. எழுதியிருக்கிறார். பாக்கி வைத்த குடித்தனக்காரரை வெளியேற்ற அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. போலீஸ் கண்காணிப்பில் இருக்கும் ஆளைக் காலி செய்யச் சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. நட்டம் அவருடையது, பொறுத்துக்கொள்ளும் உரிமையும் அவருடையது.

அந்த நாட்களில் பிரெஞ்சு அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பிரெஞ்சுக் குடிகள் அல்லாதவர்கள் இங்கே தங்க வேண்டுமானால், தாங்கள் புறப்பட்டு வந்த ஊரின் உயர் அதிகாரியிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளூரில் பேர்பெற்ற ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிரிட்டிஷ் போலீஸ் தேடிக்கொண்டிருப்பவருக்குப் பிரிட்டிஷ் அதிகாரி சான்று தர மாட்டார். எனவே ஐந்து கையெழுத்து. அரவிந்தருக்குக் கையெழுத்திட்டவர்களில் கலவை சங்கர செட்டியாரும் ஒருவர். கோமுட்டித் தெருவில் இருந்த அவர் வீட்டு மாடியில்தான் அரவிந்தர் வந்த புதிதில் தங்கியிருந்தார். காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அரசு முதலில் கதவைத் தட்டுவது கையெழுத்துப் போட்டவர் வீட்டைத்தான். ஐந்து பேர் துணிந்து பெயர் கொடுத்தார்கள். ஒற்றர்களோ பெயரில்லாமல் சாடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு எனக்குப் போதும்.

பாரதி கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டதும் இந்த ஊரில்தான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த இளைஞருக்கு அக்கிரகார வழக்கத்தை மீறிச் செய்த சடங்கு அது. கனகலிங்கமே பின்னாளில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்ற நூலை எழுதினார். அக்கம்பக்கத்தார் சிலருக்கு அது பெரிய விதிமீறலாகத் தெரிந்திருக்கும். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கண்காணிக்கும் ஆசைக்கு விதியின் பெயரைச் சூட்டுவது நம் தெருக்களின் பழைய நோய். இன்றும் இருக்கிறது. தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு யார் வந்தார் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேள்வி எழுப்புகிறவர்கள், வாகனம் நிறுத்துவதைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பார்கள். அந்த வகைப் புகாரில் எனக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லை.

ஆனால் பழைய தெருவை முழுவதும் பொன்னாக்கிக் காட்டவும் மனம் வரவில்லை. ஐயர் இங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார், ஆஷைச் சுட்ட வாஞ்சியும் இங்கே வந்து போனவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பயிற்சியின் வெடிச் சத்தத்தைக் கேட்ட ஒருவர் என்ன நினைத்திருப்பார்? ஓர் உயிர் போகப் போகிறது என்று தெரிந்திருந்தால் அவர் கடமை என்ன? விடுதலைப் போரின் நியாயத்தை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கும் இது எளிய கேள்வி இல்லை. அது சின்ன மீறல் அல்ல என்பதால் இந்த ஒப்பீட்டின் அளவுகோலை அங்கிருந்து எடுக்க முடியாது. வாடகை பாக்கியிலிருந்தும், வந்து தங்கும் விருந்தாளிகளிலிருந்தும், ஐந்து கையெழுத்திலிருந்தும் எடுக்கலாம்.

இப்போது இன்றைய தெருவுக்கு வருவோம். ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தத் தெருக்களில் ஒன்றில் நடந்து பாருங்கள். வீட்டுத் தரையை ரோட்டை விட உயர்த்திக் கட்டியிருப்பார்கள். காரை ஏற்ற வாசலில் சிமெண்ட் சரிவு போட்டிருப்பார்கள். அந்தச் சரிவு ஓரத்து வாய்க்காலின் மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு நான்கு அங்குலக் குழாயைப் பதித்து, தண்ணீர் போக வழி விட்டிருக்கிறோமே என்பார்கள். அடுத்த வீட்டில் ஆறு அங்குலம். அதற்கடுத்த வீட்டில் குழாயே இல்லை, சிலாப்பு மட்டும். வாய்க்காலின் அகலம் முழுவதும் அரசு வெட்டியது. அதில் தண்ணீர் போகும் அகலத்தைத் தீர்மானிப்பது தெருவிலேயே மிகச் சின்னக் குழாய். பிளாஸ்டிக் பை ஒன்று அதன் வாயில் சிக்கினால் மேல்பக்கத்து வீடுகள் அத்தனையும் நனையும். சரிவு போட்டவர் வீடோ உயரத்தில் இருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மை. அதனால் எல்லாப் பழியையும் வாசல் சரிவுகள் மேல் போடுவது நியாயமில்லை. புயல் இல்லாத சாதாரண ஐப்பசி மழையிலும் தண்ணீர் நிற்கும் தெருக்களைத்தான் நான் சொல்கிறேன். அங்கே காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இங்கே முதல் படி பேச்சுதான். நம் ஊரில் அது இன்னும் செத்துவிடவில்லை. “அண்ணே, உங்க வாசல் சிலாப்பை எடுத்துட்டு இரும்புக் கிராதி போட்டீங்கன்னா அடியில அள்ளிவிடலாம். ஆளை நான் கூட்டியாறேன், கூலி பாதி பாதி.” இப்படிக் கேட்டால் பத்துக்கு ஐந்தாறு பேர் சரியென்பார்கள். கேட்கிறவர் தன் வாசலில் முதலில் கிராதி போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பேசிப் பார்க்காமல் நேரே நகராட்சிக்கு எழுதுவது, பக்கத்து வீட்டுக்காரர் திருந்துவதற்கான வாய்ப்பைப் பறிப்பதாகும். பேசிய பிறகும் மழை வரும்வரை அவர் அசையவில்லை என்றால் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் பொறுத்துக்கொள்ளும் உரிமை இங்கே என் ஒருவனுடையது இல்லை. விளக்கெண்ணெய்ச் செட்டியார் தன் வாடகையை விட்டுக்கொடுத்தார். தாழ்வான வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் கிழவியின் காய்ந்த தரையை நான் விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொரு இடம் ரெட்டியார்பாளையம் புதுநகர். 2024 ஜூன் 11 அன்று பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் ஏறிய நச்சுவாயு ஒரே தெருவில் மூன்று பேரைக் கொன்றது. இறந்தவர்களில் ஒருவர் பதினைந்து வயதுச் சிறுமி. நாற்றம் அடிக்கிறது என்று அங்கிருந்தவர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் இதை அண்டை வீட்டார் மௌனத்தின் கதையாக நான் சொல்லவில்லை. சொல்லியும் கேட்கப்படாததன் கதை அது. ஆனால் சின்ன விஷயம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை அந்தச் சாவுகள் என் மனத்தில் மாற்றிவிட்டன.

கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அந்த வளைவில் எப்போதும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். கூடவே மொட்டைமாடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்குழாய் ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் குழாயில் அழுத்தம் மாறும்போது வளைவிலுள்ள தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். இரண்டையும் விட்டுவிட்டு நேராக இணைத்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். மேல்மாடிக்காரர் காற்றுக்குழாயை வெட்டி மூடியிருக்கிறார் என்று தெரிந்தால், அவரோடு நாற்பது ஆண்டு நட்பு இருந்தாலும், அன்றைக்கே சொல்ல வேண்டும். அவரிடம் சொல்லி ஒரு நாள் பார்க்கலாம். ஒரு வாரம் பார்க்கக் கூடாது.

சுவர் விஷயமும் அப்படித்தான். 2024 ஜனவரி 22 அன்று ஆட்டுப்பட்டியில், புதுமனை புகுவிழாவுக்குக் காத்திருந்த மாடிவீடு ஒன்று சாய்ந்து விழுந்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. பக்கத்தில் உப்பனாறு வாய்க்கால் பணிக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரத்தில் தோண்டுகிறார்கள் என்பது பார்வைக்குச் சின்னதாகத் தெரியும். அனுமதி இல்லாமல் எழுப்பும் கூடுதல் மாடியும், பழைய பொதுச்சுவரில் புதுத் தூணை ஏற்றுவதும் இதே இனம். அஸ்திவார நிலையில் நகர அமைப்புக் குழுமத்திடம் சொன்னால் பத்து மூட்டை சிமெண்டோடு போகும். பூச்சு முடிந்து, கடன் வாங்கி, பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த பிறகு சொன்னால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரும். தாமதித்துச் சொல்லும் புகாரில் பாதி கொடுமை அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோர நகரமான இங்கே நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அனுமதியில்லாத ஆழ்குழாய்க் கிணறு ஒன்று உப்பு நீரை உள்ளே இழுத்தால் அது தெரு முழுவதற்கும் சேரும். திரும்பப் போக எத்தனையோ ஆண்டுகள் ஆகும். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு எதிர்ப்பக்கம் சத்தம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். விதி தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஆடி மாதத்தில் தெரு அம்மன் கோயிலில் பத்தே முக்காலுக்கும் பாட்டு ஓடுகிறது என்று நான் போலீசை அழைக்க மாட்டேன். காலையில் அந்தச் சத்தம் இருக்காது. அந்தக் கோயில் கூழில் என் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. எதிர்வீட்டில் இதய நோயாளி இருக்கிறார் என்றால் கணக்கு வேறு. அப்போதும் விழாக் குழுத் தலைவர் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பினால் ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பார்கள். ஆண்டு முழுவதும் வார இறுதிகளில் மாடியில் இசை போட்டுப் பணம் பண்ணும் விடுதிக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன். அது விழா அல்ல, வியாபாரம். பக்கத்தில் இருப்பவர்களின் தூக்கம் அங்கே முதலீடாகப் போடப்பட்டிருக்கிறது.

அண்டை வீட்டார் தகராறை அளவு சொல்லித் தீர்க்கும் விதி இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819இல் இங்கே அமலுக்கு வந்தது. அயலார் நிலத்தை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு எல்லையிலிருந்து 1.9 மீட்டர், சாய்வாகப் பார்ப்பதற்கு 0.6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக அளவு சொல்வதில் ஒரு கருணை இருப்பதாக நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைப் பற்றிப் பேசாமல் அளவைப் பற்றி மட்டும் பேசி வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

அதே பிரான்சில்தான் மொட்டைக் கடுதாசியின் மிக மோசமான முகமும் தெரிந்தது. 1917 முதல் துல் என்ற சிற்றூரில் பெயரில்லாக் கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் வந்து குடும்பங்களைச் சிதைத்தன. அந்தச் சம்பவத்தை வைத்து, ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் பிரான்ஸ் இருந்த 1943இல், திரைப்பட இயக்குநர் குளூஸோ ‘காக்கை’ என்று பொருள்படும் ஒரு படம் எடுத்தார். அப்போது பிரெஞ்சுக்காரர்கள் பலர் அண்டை வீட்டாரைப் பற்றி அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதப்பட்டவர்களில் பலர் செய்த குற்றம் யூதராகப் பிறந்ததுதான். விதி தவறானதாக இருக்கும்போது விதிமீறலைச் சொல்வது என்னவாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவின் மௌனம் எவ்வளவு பெரியது என்பதும் இதன் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது.

இருந்தாலும் பெயரில்லாப் புகார் அனைத்தையும் இழிவென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரரின் காற்றுக்குழாயைப் பற்றிப் பெயர் போட்டு எழுதினால் அடுத்த மாதம் சாமானை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்களுக்காக அதே தெருவில் சொந்த வீட்டில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் எழுதலாம். சங்கர செட்டியார் செய்தது ஒரு வகையில் அதுதான்: பாதுகாப்பு உள்ளவர் பாதுகாப்பு இல்லாதவருக்காகப் பெயரைக் கொடுத்தார்.

யார் மேல் அடி விழும் என்பதையும் பார்க்க வேண்டும். நடைபாதையில் தார்ப்பாய் கட்டி இட்லி விற்கும் அம்மாவும், அதே நடைபாதையில் மேசை நாற்காலி போட்டிருக்கும் காபிக் கடையும் ஒரே விதியைத்தான் மீறுகிறார்கள். புகார் போனால் அம்மாவின் தார்ப்பாய் அன்று மாலையே லாரியில் ஏறும். காபிக் கடைக்கு நோட்டீஸ் வரும், பதில் கொடுக்க அவகாசம் வரும், வக்கீல் வருவார். இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்த பிறகு இரண்டையும் ஒரே மனுவில் எழுதுவது நியாயம் போலத் தோன்றும். என் கை அதற்கு வராது. அம்மாவிடம் இரண்டடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் போதும்.

எழுத வேண்டியவற்றை எழுதும்போது ஆளை விட்டுக் கோளாறை எழுதுவது நல்லது. “இன்னார் ஆக்கிரமித்திருக்கிறார்” என்று தொடங்கும் மனு போலீசுக்கும் பகைக்கும் போகும். “இந்தக் குறுக்குத் தெருவில் கிழக்குப் பக்க வாய்க்கால் மூன்று இடங்களில் அடைபட்டிருக்கிறது, முதல் இடம் என் வாசல், அதை அகற்ற நான் தயார்” என்று தொடங்கும் மனு நகராட்சிப் பொறியாளரிடம் போகும். அதை அனுப்பும் முன் ஒரு நகலைச் சம்பந்தப்பட்ட மற்ற இரண்டு வீட்டிலும் கொடுத்துவிட வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் கொடுத்தால், மழைக்கு முன் உடைத்துக் கட்ட அவர்களுக்கும் நாள் இருக்கும்.